அப்பாவின் பிக்கப்பை இரண்டு முறை விற்றோம்

அன்பு மகள் ஷானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், போன வாரத்துக் காற்று கோழிக்கூட்டின் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனது தவிர மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், அப்படி நினைக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. அலாஸ்காவில் இந்நேரம் பனி விழ ஆரம்பித்திருக்கும், நமக்கு இன்னும் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிற வெயில்தான். வெண்டைக்காய் இந்த வருடம் நிறுத்தமாட்டேன் என்று காய்த்தது, சோள மாவில் புரட்டிப் பொரித்துப் பொரித்து அப்பாவே போதும் என்று சொல்லிவிட்டார், மிச்சத்தை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். சர்ச்சில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருகிற ஞாயிறன்று நான் சுட்டுக்கொண்டுபோன பீக்கன் கொட்டைப் பலகாரம் முதலில் காலியானது, யார் என்ன சொன்னாலும் பாத்திரம் பொய் சொல்லாது. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போன் சமையலறையில், அப்பாவின் சாய்வு நாற்காலி அடுத்த அறையில், நடுவில் கதவே கிடையாது. அவருக்குக் கண்தான் போனதே தவிர காது பாம்புக் காது. அவரைப் பற்றி அவருக்குக் கேட்காமல் பேச இந்த வீட்டில் இடம் இல்லை, அதனால்தான் கடிதம். அவர் இப்போது முன்வாசல் நிழலில் பீக்கன் கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார், அந்தச் சத்தம் நின்றால் நானும் பேனாவை மூடிவிடுவேன், எழுத்து கோணலாகப் போனால் அதுதான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பிக்கப் வண்டியை விற்றாகிவிட்டது. உடனே சந்தோஷப்பட்டு மாப்பிள்ளையைக் கூப்பிடாதே, முழுக்கப் படி. நீயும் நானும் விற்க நினைத்தபடி விற்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாங்கள் அதை இரண்டு முறை விற்றோம், முதல் முறை ஊர் சிரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த வாரம் நடந்தது உனக்குத் தெரியும். ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் மற்ற வண்டிகளை நிறுத்துகிற பலகையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, கிழக்கே புதிதாகக் குடிவந்தவர்களின் சின்னப் பெண் இறங்கிச் சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைக்கிறாள், உன் அப்பா வேகத்தைக்கூடக் குறைக்காமல் பக்கத்தில் தாண்டிப் போயிருக்கிறார். வேண்டுமென்று செய்கிற ஆள் இல்லை, பார்க்கவே இல்லை. பஸ்காரன் எட்டி அந்தப் பெண்ணின் முதுகுப் பையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும். அதே தடத்தில் அதே பஸ்ஸை எத்தனை வருடம் ஓட்டியவள் நான், அந்தப் பலகையைத் தாண்டிப் போனவர்களின் நம்பரைக் குறித்து ஷெரீஃபிடம் கொடுத்தவள் நான், கடைசியில் இப்போது அதை ஓட்டுகிற பையன் என் வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், உங்கள் வீட்டு வண்டி நம்பரையே நான் எப்படிக் கொடுப்பது என்று.

அந்த ஞாயிறுதான் நீ போனில் அவரிடம், "அப்பா, நீங்க ஒரு கொழந்தைய அடிச்சுப் போட்டீங்கன்னா உங்க சாவுக்குக்கூட நான் வரமாட்டேன்" என்று சொன்னாய். நீ சொன்னது நியாயம். அடிபட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலையில் இருப்பவள் நீ, உனக்கு வாய் அப்படித்தான் வரும். ஆனால் அன்று போனை வைத்தவர்தான், அதற்குப் பிறகு உன் அழைப்புக்கு எழுந்து வரவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா எங்கே என்று நீ கேட்பதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார் என்று நான் புளுகுவதும், நாம் மாடுகளை விற்று எத்தனையோ காலம் ஆயிற்று என்று தெரிந்தும் நீ ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வண்டி போனால் போகட்டும், இந்த இரண்டு பிடிவாதங்களும் பேசாமலே இருந்து அப்படியே பழகிப்போய்விடுமோ என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. நமக்கு இருப்பது ஒரே பெண், அவளும் அத்தனை தூரத்தில்.

டாக்டர் சொன்னார், கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் மட்டும்தான் தெரியும், இனி ஓட்டக் கூடாது என்று. நீ சொன்னாய். நான் காலையில் காப்பியோடு ஒரு தடவையும் சாயங்காலம் சாப்பாட்டோடு ஒரு தடவையும் சொன்னேன். ஒரு நாள் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே, "சரி, வித்துத் தொலை" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், தானியக் கிடங்குக் கூட்டுறவு அலுவலகத்துப் பலகையில் சீட்டு எழுதி ஒட்டினேன், மறுநாளே ஆள் வந்துவிட்டான். பிரேடி டீக் என்று பெயர், எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிற பையன், வீட்டில் கைக்குழந்தை, ஐயா அம்மா என்று மரியாதையாகப் பேசுகிறான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, நான் எழுதியிருந்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று அவனே சொல்லிவிட்டான். அங்கே முடிந்திருக்க வேண்டும். காப்பிக்கு உள்ளே வந்து உட்கார்ந்ததும் உன் அப்பா சும்மா விடுவாரா. "தம்பி, குளிர்ல பின்பக்கக் கதவு தொறக்காது, முட்டியால ஒரு இடி இடிக்கணும். ஹீட்டர் ஓட்டறவனுக்கு மட்டுந்தான், பக்கத்துல உக்காந்தவன் வெறச்சுப் போவான். மழை பெஞ்சா வலது முழங்கால் நனையும், எங்கேருந்து ஒழுகுதுன்னு நான் இன்னும் கண்டுபிடிக்கல" என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். நிறுத்துங்கள் என்று நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன், பார்த்தால் அது பிரேடியின் காலாம். பாவம், அவன் அதற்கும் "மன்னிச்சுக்கங்கம்மா" என்றான்.

அப்புறம் அந்தப் பையன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "ஐயா, விற்பனைப் பத்திரத்துல மட்டும் பாதி விலை போட்டுக்கலாங்களா? வரி கொஞ்சம் கம்மியாவும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அது பொய் இல்லை, நம் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடுகிறவர்கள்கூடப் பாதி விலைதான் எழுதுவார்கள், உனக்குத் தெரியாததா. உன் அப்பா தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அவனைப் பார்த்தார். இப்போது அப்படித்தான் பார்க்கிறார், கோழி பார்க்கிற மாதிரி, நேராகப் பார்த்தால் முகம் தெரிவதில்லையாம். "தம்பி, நீ என்ன குடுக்கறியோ அதத்தான் எழுதுவேன். ஒனக்குக் கையக் கடிச்சா வெலையக் கொறச்சுக்கறேன். எழுத்தக் கொறைக்கமாட்டேன்" என்றார், சொன்ன கையோடு விலையைக் குறைத்தும் விட்டார். வாங்க வந்தவன் பேரம் பேசவில்லை, விற்கிறவர் தனக்குத்தானே பேரம் பேசித் தோற்றுப்போனார். இப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்றால் எனக்கு யாராவது மெடல் கொடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டுப் பத்திரம் எழுத உட்கார்ந்தோம். எழுதுவது என் வேலை, அவருக்குக் கோடு தெரியாது. விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், வண்டியின் வருடம், நிறம் எல்லாம் எழுதி, சேஸிஸ் நம்பருக்காக டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கிற அந்தச் சின்னத் தகட்டைப் படித்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். மைல் மீட்டரில் இருந்த எண்ணையும் கடைசி இலக்கம்வரை குறித்தேன். வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்று அச்சில் ஒரு வரி இருக்கிறது, அதற்குக் கீழே அப்பா சொன்ன குறைகளையெல்லாம் எழுதவைத்தார், கதவு, ஹீட்டர், முழங்கால், எல்லாம். இதையெல்லாம் எழுத வேண்டிய அவசியமே இல்லை, அந்த ஒரு வரி போதும் என்றேன். "உள்ளது உள்ளபடின்னா உள்ளத எழுதணுமில்ல" என்றார். பிறகு பேனாவை வாங்கி அங்கேயே கையெழுத்துப் போடப் போனார், நான் வெடுக்கென்று பிடுங்கினேன். நம்மூரில் வண்டியின் உரிமைப் பத்திரத்துப் பின்புறமும் சரி விற்பனைப் பத்திரமும் சரி, நோட்டரி முன்னால் போட்டால்தான் கையெழுத்து. உன் சித்தப்பா வீட்டிலேயே போட்டுக்கொண்டு போய், பத்திரம் வீணாகி, புதுப் பத்திரம் வாங்க எத்தனை மாதம் அலைந்தார் என்பது நினைவிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை என் காரில் இருவரும் கிடங்கு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே கணக்குப் பார்க்கிற வெர்லீன்தான் ஊருக்கே நோட்டரி, அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவள், இன்னமும் அவரை வாடா போடா என்று கூப்பிடுகிற ஒரே ஆள். பிரேடி சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வங்கிக் காசோலையோடு நின்றிருந்தான். தீவன மூட்டை வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் வேலையைவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்லீன் கண்ணாடியை மாட்டி, பத்திரத்தைப் படித்து, ஹீட்டர் வரியில் சிரித்து, முத்திரையை எடுத்து மையில் ஒற்றிவிட்டு, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "டெல்பர்ட், யாரும் வற்புறுத்தாம, நீயா மனசார விரும்பித்தான் இதுல கையெழுத்துப் போடறியாடா?" இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் யாரும் பதில் யோசித்தது கிடையாது, ஆமாம் என்றுகொண்டே பேனாவை எடுப்பார்கள். உன் அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "இல்ல" என்றார்.

வெர்லீன் காது கேட்காத மாதிரி இன்னொரு தடவை கேட்டாள். "நான் விரும்பிப் போடல வெர்லீன். ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, விக்கணும்னு இவ சொல்லிட்டா, எம் பொண்ணு அங்கேருந்து சொல்லிட்டா. கையெழுத்து வேணும்னாப் போடறேன். விரும்பிப் போடறேன்னு மட்டும் சொல்லமாட்டேன்." வெர்லீன் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முத்திரையை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டாள். "அப்ப நான் குத்த முடியாது ஒலீட்டா. அவன் இல்லங்கறான், ஆமான்னு நான் எழுதுனா அது பொய் சாட்சி" என்றாள். பிரேடி காசோலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பரவால்லீங்கய்யா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றான், அவன் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். "ஒரு வார்த்த ஆமான்னு சொன்னா நாக்கு வெந்தா போயிடும்? ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே? இனிமே அந்தக் கெடங்குல நான் எப்படித் தலையக் காட்டுவேன்?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார், "வெர்லீன் கேட்டா. பதில் சொன்னேன். வேற யாரும் என்னக் கேக்கல ஒலீட்டா." வீட்டுக்கு வந்து ராத்திரிக்கு ரொட்டியில் இறைச்சித் துண்டை வைத்து, தட்டை ணங்கென்று அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனேன், அவ்வளவு ஆத்திரம். பாத்திரம் கழுவும்போதுதான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. உண்மைதானே ஷானா. டாக்டர் சொன்னார், நீ சொன்னாய், நான் சொன்னேன். அத்தனை பேரும் சொன்னோம், ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. முதன்முதலாகக் கேட்டவள் வெர்லீன், அதுவும் சட்டத்துக்காக. நான் சோப்புக் கையோடு அங்கேயே நின்று அழுதேன், எனக்கு அவரை நினைத்து அவ்வளவு பாவமாக இருந்தது.

அதன் பிறகு நான் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. சாவியை ஒளித்துவைக்கச் சொல்லி நீ சொல்லியிருந்தாய், நான் ஒளிக்கவில்லை, அது பின்கதவுக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் போலத் தொங்கியது. அவரிடம் போய், "நான் கேக்கறேன். நீங்க என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, வாயை அடக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன், அது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத் தெரியும். "யோசிக்கறேன்" என்றார். நாள் போனது. சாவியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வேன், ஒரு காலையில் ஆணி காலியாக இருந்தால் என்ன செய்வேன் என்று.

ஒரு காலை ஆணி காலியாகத்தான் இருந்தது. ஓடினேன். பிக்கப் நின்ற இடத்திலேயே நிற்கிறது, தபால் பெட்டி பாதையைப் பார்த்தபடி, இன்ஜின் ஓடவில்லை. அவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஜன்னல் இறக்கியிருக்கிறது. "ஒலீட்டா, அந்த செவப்பு ஸ்வெட்டர் இருக்கில்ல, அதப் போட்டுக்கிட்டுத் தபால் பெட்டிகிட்டப் போய் நில்லு. நான் கையக் காட்டினதும் வண்டியப் பாத்து நேரா நடந்து வா. உன்னப் பாத்ததும் ஹாரன் அடிக்கறேன்" என்றார். அந்த வெயிலில் நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். கையைக் காட்டினார். நடந்தேன். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே எனக்குத் தூரத்தைப் பஸ் நீளத்தில்தான் அளக்கத் தெரியும், ஐந்து பஸ் நீளம் இருக்கும்போது அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மூன்றில் அடிக்கவில்லை. அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்கு அவர் கண்ணிமைகூடத் தெரிகிறது. ஒரு பஸ் நீளம் இருக்கும்போது என்னால் மேலே நடக்க முடியவில்லை, நின்றுவிட்டேன். அவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தபால் பெட்டிவரை கேட்கிற மாதிரி உரக்கக் கத்தினார், "என்ன, இன்னுமா கெளம்பல?"

நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அழுகிற சத்தம் கேட்டிருக்கும், அவ்வளவு பக்கத்தில் கேட்கவும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ரொம்ப நேரம் ஸ்டியரிங்கையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, வண்டியைப் பிடித்தபடியே சுற்றி வந்து என் ஸ்வெட்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். "அந்த பஸ்ஸுப் பொண்ணு உன் உசரத்துல பாதிதான் இருப்பால்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் அவரே விரலால் பொத்தான்களைத் தடவித் தடவி பிரேடியைக் கூப்பிட்டார், பிறகு வெர்லீனைக் கூப்பிட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னை நீ நம்ப வேண்டும்.

பழைய பத்திரத்தில் நான் தேதி போட்டுவைத்திருந்தேன், அடித்துத் திருத்தினால் செல்லாது, அதனால் புதுத் தாளில் மறுபடி முதலிலிருந்து எழுதினோம். இந்தத் தடவை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மீட்டரைப் பார்த்துவரப் போனேனா, டார்ச் வெளிச்சத்தில் அந்த எண் பழைய பத்திரத்தில் இருந்த அதே எண், கடைசி இலக்கம்கூட மாறவில்லை. சாவி அத்தனை நாளும் அவர் கைக்கெட்டுகிற ஆணியில் தொங்கியிருக்கிறது, நான் சர்ச்சுக்கும் கடைக்கும் போய் அவரைத் தனியாக விட்டிருக்கிறேன், வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை, எண்ணை மட்டும் எழுதினேன். ஆனால் நீ தெரிந்துகொள். நாம் நினைத்த மாதிரி ஆள் இல்லை அவர், அந்தப் பஸ் விஷயம் நம்மைவிட அவரைத்தான் அதிகம் ஆட்டியிருக்கிறது.

கிடங்கில் இந்தத் தடவை கூட்டம் கொஞ்சம் அதிகம், சேதி பரவிவிட்டது. வெர்லீன் எழுந்து நின்றே கேட்டாள், கல்யாணத்தில் பாதிரியார் கேட்கிற மாதிரி. "டெல்பர்ட், யாரும் வற்புறுத்தாம, நீயா விரும்பித்தான் கையெழுத்துப் போடறியா?" உன் அப்பா, "போன தடவ இல்ல. இன்னிக்கி ஆமா. ரெண்டும் நெசந்தான், ரெண்டையும் எழுதிக்க" என்றார். "ஒண்ண எழுத மட்டுந்தான்டா எடம் இருக்கு" என்றாள் வெர்லீன், சொல்லும்போதே அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். கோடு தெரியாது என்பதற்காக அவள் ஒரு அட்டையின் விளிம்பைக் கோட்டில் வைத்துப் பிடித்தாள், அவர் விரலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதன்மேல் தன் முழுப் பெயரையும் எழுதினார். கொஞ்சம் மேல்நோக்கி ஏறிப் போயிற்று, ஆனால் நல்ல கையெழுத்து.

பிரேடி வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்தான். நம்பர் பிளேட் விற்றவருக்குத்தான் சொந்தம், கழற்றிக்கொள்ள வேண்டும். அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பின்னால் மண்டிபோட்டு, ஒவ்வொரு திருகாணியையும் கட்டைவிரலால் தேடிக் கண்டுபிடித்துக் கழற்றினார். இரண்டு தடவை நழுவிவிட்டது. பிரேடி, "குடுங்கய்யா, நான்" என்று குனிந்தான், நான் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன், நல்ல பையன், புரிந்துகொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். எத்தனை நேரம் ஆயிற்று என்று நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. எழுந்ததும் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். எங்கேயாவது போக வேண்டுமென்றால் எந்நேரமும் கூப்பிடுங்கள், வந்து அழைத்துப் போகிறேன் என்றான் அவன். உன் அப்பா சொன்னார், "எனக்கு எதுக்குத் தம்பி? எம் பொண்டாட்டி பஸ்ஸே ஓட்டினவ, இந்த வட்டாரத்துலயே அவள மாதிரி ஓட்டறவ கெடையாது." கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது இல்லை, ஒரு பாராட்டு வாங்கக்கூட நான் ஒரு வண்டியை விற்க வேண்டியிருந்தது. ஆனால் மறுநாளே காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதி மிதி என்று மிதித்து, மிதியடியில் ஓட்டை விழாத குறை. நான் சிவப்பு விளக்கில் நின்றால் நல்லாத்தான் நிக்கற என்கிறார். இறக்கிவிட்டுவிடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

நீ ஒன்று செய், அம்மா சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. வண்டியை விற்றதற்கு அவரைப் பாராட்டிவிடாதே, பெரிய மனது அப்பா உங்களுக்கு என்றெல்லாம் ஆரம்பித்தால் மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். அன்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம், நீ தப்பாகச் சொல்லவில்லை, அது அவருக்குத் தெரியும். எதையாவது கேள். உன் வண்டிக்குக் குளிர்கால டயர் எப்போது மாற்றுவது என்று கேள், பாட்டரி ஏன் காலையில் முனகுகிறது என்று கேள். பதில் முடிகிறவரை குறுக்கே பேசாதே, நானே பழகிக்கொண்டேன், உன்னாலும் முடியும். உன் ஊர்க் குளிருக்கு உள்ளே கம்பளி சாக்ஸ் இரண்டு போட்டுக்கொள், மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரிடம் காட்டு, நர்ஸ் வீட்டிலேயே இருக்கிறாள் என்று சாக்குச் சொல்லவிடாதே. பீக்கன் கொட்டை ஒரு பை அனுப்புகிறேன், முழுக்க அப்பா உடைத்தது, பாதி நொறுங்கித்தான் இருக்கும், பலகாரத்துக்கு நொறுங்கியதே போதும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் பனியிலும் சாலையிலும் காக்கட்டும், இரவு வேலை முடிந்து வருகிறபோது உன் வழியில் வெளிச்சம் இருக்கட்டும். நேற்று சாப்பிடும்போது அவராகவே, அலாஸ்காவில் இப்போது மணி என்ன இருக்கும் என்று கேட்டார், நமக்கு மூன்று மணி பின்னால் என்றேன், தலையாட்டிக்கொண்டார். அதனால் மறக்காமல் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை எடுக்க நேரம் ஆகிறதே என்று வைத்துவிடாதே. "மணி அடிச்சா நீ எந்திரிக்காத, நான் எடுத்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு, அவர் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அடிக்கட்டும், விட்டுவிடு.

என்றும் உன் அன்புள்ள அம்மா,
ஒலீட்டா